ஏற்காட்டுக்குப் புத்தகம் ஏற்றப் போகிறவர்களுக்கு

சேலத்து வெயிலில் புத்தகமெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து பழுத்துப்போகிறது, மலையில் கொண்டுபோய் வைத்தால் குளிர்ச்சியாக நூறு வருஷம் இருக்கும் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். 1,150 புத்தகங்களை ஏற்காட்டு வீட்டுக்கு ஏற்றி, எட்டே மாதத்தில் சுமார் 190 மாத நாவல்களையும் ஆறு பைண்டிங் தொகுதிகளையும் குப்பையில் போட்டு, மீதியைக் காப்பாற்ற நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளையும் 48,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயும் கரைத்தபிறகுதான் கணக்கு புரிந்தது. வெயில் புத்தகத்தைக் கெடுக்கும், ஆனால் இருபது முப்பது வருஷம் எடுத்துக்கொள்ளும். ஈரத்துக்கு ஒரு ஐப்பசி போதும். இதை யாராவது முன்னாலேயே காதில் போட்டிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் என்ன இருந்தது, எங்கே வைத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. 'நல்ல இலக்கியம்' என்று நான் வைத்திருந்த நானூறு சொச்சம் புத்தகங்கள் உள்சுவர் ஓரமாக மர அலமாரிக்கும் ஒரு இரும்பு பீரோவுக்கும் போயின. பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் வாங்கிச் சேர்த்த எழுநூறு மாத நாவல்களும், மூடப்பட்ட ஒரு லெண்டிங் லைப்ரரியிலிருந்து வாங்கிய 52 தொடர்கதை பைண்டிங்குகளும் (வாரப் பத்திரிகையில் வந்த தொடர்களைச் சேர்த்துத் தைத்த தொகுதிகள்) அட்டைப்பெட்டியோடு அப்படியே பரணுக்கும், வெளிச்சுவர் ஓரத் தரைக்கும். இலக்கியத்துக்கு நாற்காலி, பொழுதுபோக்குக்குத் திண்ணை. அதற்கு நான் கொடுத்த விலை என்னவென்று பிறகு சொல்கிறேன். ஏற்றும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை: அரிசிச் சாக்கில் கட்டாதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் மூலையெல்லாம் மழுங்கிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சின்ன அட்டைப்பெட்டி நல்லது. பெட்டி 12 முதல் 15 கிலோவைத் தாண்டக் கூடாது. புத்தகத்தைப் படுக்கை வசமாக அடுக்குங்கள். முதுகு மேலே பார்க்க நிறுத்தினால் உள்தாள்களின் கனத்தில் பைண்டிங் தொங்கிவிடும். ஏற்றிய மாதம் மே. கோடைவிழாக் கூட்டம், இதமான காற்று, வீடு காய்ந்து கிடந்தது. மே மாதத்து ஏற்காட்டைப் பார்த்து முடிவெடுத்தால் யாருமே ஏமாந்துபோவார்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் வடகிழக்கு முடிகிற வரைக்கும் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணத்துக்கு வழி கிடைத்துவிடும். 80ஐத் தாண்டினால் சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரியும். காகிதம் சும்மா இருக்காது, சுற்றியிருக்கும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கருங்கல் சுவர் மழையைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் உள்பக்கம் கசியவிடும். அந்தச் சுவரில் பெட்டியை ஒட்டி வைத்தால் நடுவில் காற்று போக இடமே இல்லை. சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும், வெளிச்சுவராக இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம், "மத்தியானம் வெயில் வந்தா ஜன்னலை எல்லாம் திறந்து விடுங்க அக்கா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் தவறாமல் திறந்தார். அதுவும் என் தப்புதான். மழை விட்ட மத்தியானம் வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய அறையில் இரும்பு பீரோ 20 டிகிரியில் சில்லென்று இருக்கிறது. அந்த வெளிக்காற்று பீரோவைத் தொட்டவுடன், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம்போல முத்து முத்தாக வியர்த்துவிடும். அதையே திருப்பிப் போட்டால்தான் நமக்கு லாபம்: 20 டிகிரியில் ஈரப்பதம் 85 இருக்கிற காற்றை அறைக்குள் 25 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரைக்கூட வெளியே எடுக்காமலேயே அது 63 அளவுக்கு இறங்கிவிடும். ஜன்னலைத் திறப்பதைவிட அறையைக் கொஞ்சம் கதகதப்பாக வைப்பதுதான் மலையில் வேலை செய்யும். 400 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. புத்தகம் ஏற்றுவதற்கு முன்னால் அதை அந்த அறையில் ஒரு மழை மாதம் வைத்துப் பார்த்திருந்தால் மற்ற எந்தச் செலவும் வந்திருக்காது.

ஜனவரியில் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது வாசனை. ஈரச் சாக்கும் பழைய வெங்காயமும் கலந்த மாதிரி. பரணில் இருந்த மேல் பெட்டியில் நாவல்களின் அட்டைமேல் சாம்பல் பச்சையில் வட்டம் வட்டமாகப் பூத்திருந்தது. ஒரு அட்டையில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரிகிறது, முகம் முழுக்கப் பஞ்சு. நெருங்கிப் பார்த்தால் கடுகில் பாதிகூட இல்லாத வெளுத்த பூச்சிகள் ஓடுகின்றன. அது புத்தகப்பேன். அது காகிதத்தைத் தின்பதைவிடப் பூசணத்தைத்தான் அதிகம் தின்னும், அதனால் புத்தகப்பேன் தெரிந்தாலே அறையில் ஈரம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். தரையில் இருந்த இரண்டு பெட்டிகளில் அடியில் மண் கோடு. தூக்கினால் மேல் அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே செல் (கரையான்) அரித்து ஒன்றுமே இல்லை. அழுகை வரவில்லை. என் மேலேயே ஒரு கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தில் முதல் இரண்டு நாள் செய்தது எல்லாமே தப்பு. ஈரத் துணியால் துடைத்தேன். பூசணம் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் காகித இழைக்குள் தேய்ந்து இறங்கிவிடும், அந்தக் கறை பிறகு போகவே போகாது. முற்றத்தில் நேர் வெயிலில் பரப்பினேன். அட்டை வில்லாக வளைந்தது, முதுகுப் பசை இறுகிப்போய்ப் பிரித்த இடத்தில் படாரென்று விட்டுக்கொண்டது. பழைய நியூஸ் பேப்பரைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்தேன், அதன் மை கதைமேல் ஏறிக்கொண்டது. மூக்கில் துணிகூடக் கட்டாமல் செய்ததில் ஒரு வாரம் இருமல் வேறு.

சரியான வரிசை இதுதான். முதலில் பிரித்தெடுங்கள்: பூசணம் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. பிடித்ததை நிழலில், மின்விசிறி ஓடுகிற அறையில், விசிறிபோலப் பக்கம் விரித்து நிமிர்த்தி வையுங்கள். காற்று நேராகப் புத்தகத்தின் மேல் அடிக்காமல் அறையில் சுற்ற வேண்டும். நனைந்தே போயிருந்தால் இருபது பக்கத்துக்கு ஒரு தாள் வீதம் அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்ட் செருகுங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேராசைப்பட்டு அதிகம் செருகினால் முதுகு உப்பிவிடும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் பக்கங்கள் இருந்தால் அதுதான் அவசரம். நனைந்த அந்தக் காகிதம் ஒட்டிக்கொண்டு காய்ந்தால் செங்கல்தான், பிறகு எந்த வித்தையாலும் பிரியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் தாள் வைக்க வேண்டும், முடியாவிட்டால் உடனே ஃப்ரீசரில் போட்டுவிட்டு நிதானமாக யோசிக்கலாம். நன்றாகக் காய்ந்து பூசணம் மாவுபோல ஆனபிறகுதான் பிரஷ். வீட்டுக்கு வெளியே, என்95 மாஸ்க், கையுறையோடு. முதுகிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி மென்மையான பிரஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். காலிகோ துணி, ரெக்ஸின் அட்டைகளை மட்டும் மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் லேசாகத் தொட்டுத் துடைக்கலாம், அதற்குமுன் ஓர் ஓரத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சின் மேல் வேண்டாம், பக்கத்தில் அடுப்பும் வேண்டாம். இப்படி ஒரு புத்தகத்துக்குச் சராசரியாகக் கால் மணி நேரம் பிடித்தது. அதற்குமேல் போனவற்றை ஓரம் வைத்துவிட்டேன்.

பூச்சிக்கு வைத்தியம் வேறு. கறுப்பும் வெள்ளியுமாக வழுக்கி ஓடுகிற ராமபாணப் பூச்சி மேலோட்டமாகச் சுரண்டும், அதற்குப் பசையும் மாவும்தான் ருசி. ஆணி அடித்ததுபோல வட்ட ஓட்டை நேராக உள்ளே போனால் அது வண்டின் புழு. ஒரு பைண்டிங்கில் தொடங்கிய ஓட்டை பக்கத்துத் தொகுதியையும் தாண்டி மூன்றாவதில் முடிந்திருந்தது. இரண்டுக்கும் மருந்தடிக்க வேண்டாம், குளிர் போதும். புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கி எடுத்து இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் குளிர வைக்கும் என்பதால் இரண்டு வாரம் விடுவது நல்லது. எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே அறையில் வைத்து, தொட்டால் குளிரவில்லை என்றபிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் புத்தகத்தின் மேலேயே இறங்கிவிடும். குளிர் பூச்சியையும் முட்டையையும் கொல்லும், பூசணத்தைத் தூங்க மட்டும்தான் வைக்கும், இதை மறந்துவிடக் கூடாது. நான் பழைய டீப் ஃப்ரீசர் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஐஸ்கிரீம் வியாபாரமா என்று தெருவே கேட்டது.

அந்துருண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பூசணத்தைத் தடுக்காது. படுக்கும் அறையில் அந்த நெடியைச் சுவாசிப்பது உடம்புக்கும் ஆகாது, புத்தகத்தில் ஏறிய வாசனை லேசில் போகவும் போகாது. வேப்பிலையைப் பச்சையாகச் செருகினால் ஈரத்தை நாமே கொண்டுபோய் வைத்ததாகும், நிழலில் சருகாகக் காய்ந்த இலைதான் வைக்க வேண்டும். வசம்பு ஓலைச்சுவடிக் காலத்து வழக்கம். துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடலாம், பாதகமில்லை. ஆனால் காற்று ஈரமாக இருந்தால் வசம்பும் வேம்பும் ஒன்றும் செய்யாது.

பைண்டிங் கடைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது நிறைய. பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராமல் இருக்க. கலக்கச் சொல்லி ஞாபகப்படுத்துங்கள். மாத நாவல்கள் கம்பித் தையல். ஈரத்தில் கம்பி துருப்பிடித்துச் சுற்றியிருக்கிற காகிதத்தையும் தின்றுவிடும். அதை இழுத்துப் பிடுங்காமல், பின்பக்கக் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் வெட்டு. நான் கொடுத்த முதல் கட்டைப் பார்த்துவிட்டு பைண்டர், "ஓரமெல்லாம் பிசிறா இருக்குதுங்க, ஒரு வெட்டு போட்டுடலாமுங்களா?" என்று கேட்டார். அழகாகத்தானே இருக்கும் என்று தலையாட்டினேன். மாத நாவலில் ஓரம் இரண்டு விரற்கடைகூட இருக்காது. மூன்று பக்கமும் வெட்டி வந்தபோது நான்கு நாவல்களில் ஒவ்வொரு வரியிலும் ஓரத்து எழுத்து போயிருந்தது. கேட்டவர் மேல் குற்றமில்லை, 'ஓரம் வெட்டாமல்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது நான். தொகுதிக்கு 180 ரூபாய் வீதம் 46 தொகுதிக்கு 8,280 ஆனது. கிழிசலுக்கு வீட்டில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை பழுப்பாகி எழுத்தையும் கூட்டிக்கொண்டு உரிந்துவிடும். மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கஞ்சிப் பசையால் ஒட்டினால் போதும்.

இனி, போனதைத் திரும்ப வாங்குவது. இங்கேதான் என் புத்தி தெளிந்தது. பீரோவில் வியர்த்துக் கெட்ட இலக்கியப் புத்தகங்களில் 34ஐ 11,400 ரூபாய்க்கு ஒரே மாதத்தில் திரும்ப வாங்கிவிட்டேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் ஏதாவது ஒரு பதிப்பில் எப்போதும் கடையில் இருக்கும். விலை குறைவு என்று எடுக்காமல் நடுவில் பிரித்துப் பாருங்கள்: எழுத்து எறும்புமாதிரி இருக்கிறதா, பின்பக்க அச்சு தெரிகிறதா, பாரம் (ஒன்றாக அச்சடித்து மடித்த பக்கக் கட்டு) மாறியிருக்கிறதா என்று பக்க எண்ணை ஓட்டிப் பாருங்கள். புதுமைப்பித்தன் கதைகள் என்றால் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்ததை வாங்குங்கள், எந்தக் கதை எப்போது எந்தப் பத்திரிகையில் வந்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. காசு கொடுக்காமல் படிக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. பழைய நாவல்கள் பலவற்றுக்கு இவையே போதும்.

ஆனால் தொடர்கதை பைண்டிங் அப்படிக் கிடைக்காது. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை கல்கியில் வாராவாரம் வந்தது, மணியத்தின் ஓவியங்களோடு. பிறகு அதே பத்திரிகை வேறு வேறு காலத்தில் மறுபடியும் வெளியிட்டபோது வினு, பத்மவாசன் என்று ஓவியர்கள் மாறினார்கள். வீட்டில் தாத்தா பாட்டி பைண்டு செய்து வைத்தது இருந்தால், அது எந்தச் சுற்று என்று ஓவியத்தின் மூலைக் கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது 'இதை முன்னாடியே சொன்னாரே' என்று சலிக்கிற இடங்கள், வாரம் ஒரு அத்தியாயமாகப் படித்தால் சலிப்பதில்லை. ஏழு நாள் கழித்து வருகிற வாசகருக்கு எடுத்துக் கொடுக்கிற வரி அது. அத்தியாயம் எங்கே வெட்டப்படுகிறது, பக்கத்துப் பத்தியில் எந்தச் சோப்பு விளம்பரம் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த வாசிப்பு. நூலாகும்போது கதை வரும், இது வராது. செல் அரித்த ஆறு தொகுதிகளுக்கு நான் இன்றும் பதில் தேடவில்லை, கிடைக்காது என்று தெரியும்.

மாத நாவல்களின் நிலை இன்னும் மோசம். அவை அச்சாவது மட்டமான நியூஸ்பிரிண்டில். மரத்தை அரைத்த கூழில் லிக்னின் அப்படியே தங்கியிருப்பதால் காகிதமே தனக்குள் அமிலத்தை வளர்த்துக்கொள்ளும். மூலையை மடித்து நிமிர்த்தினால் ஒடிந்து கையில் வரும். பெரும்பாலானவற்றுக்கு மறுபதிப்பு கிடையாது. மாதம் முடிந்தால் அந்த நாவலும் முடிந்தது. ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படையில் இன்னொன்று, கடைசிப் பத்துப் பக்கத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும் என்ற அந்த வார்ப்பை நாம் சிரித்துக்கொண்டே படித்துவிட்டுத் தூக்கிப் போட்டோம். அப்படி ஒன்றில் கடைசி எட்டுப் பக்கம் பின்னட்டையோடு ஒட்டிக்கொண்டது. சேலத்துப் பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் மட்டமாக நினைத்தார்கள். அதில் ஒன்றைத்தான் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் 'திகம்பர சாமியார்' என்று படமாக்கியது. இன்று அந்தக் காலத்துப் பதிப்புகளைத் தேடி ஆய்வாளர்கள் அலைகிறார்கள். உங்களிடம் அந்த மாதிரிப் பழைய வெகுஜன நாவல்கள் இருந்து, வைக்க இடமில்லை என்றால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். அது தொடங்கியதே கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த சேகரிப்பிலிருந்துதான், அதில் இப்படிப்பட்ட நாவல்களும் உண்டு.

இப்போது வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன். எல்லாம் சேலத்துக்கே இறங்கிவிட்டது. கடையில் கிடைக்கிற இலக்கியம் திறந்த அலமாரியில், ஜன்னல் வெயில் படாத சுவரில். நாவல்களும் பைண்டிங்குகளும் ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் 14 பிளாஸ்டிக் பெட்டிகளில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில். பெட்டிக்குள் போவதற்குமுன் புத்தகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். சேலத்தில் மார்ச், ஏப்ரல் மாதத்துப் பிற்பகல்தான் அடைப்பதற்குச் சரியான நேரம். ஒவ்வொன்றிலும் துணிப்பையில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். ஈரம் குடித்தால் பச்சையாகும், ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். திறந்த அலமாரியில் இதை வைப்பது வீண், ஊர்க் காற்றையெல்லாம் அதால் உலர்த்த முடியாது. மலைக்கு இப்போது படிக்கிற புத்தகம் இரண்டு மட்டும் பையில் போகும், பையிலேயே திரும்பி வரும்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெட்டிகளைப் பார்ப்பது வழக்கம். போன மாதம் ஒன்பதாவது பெட்டியில் மட்டும் ஜெல் பச்சையாகியிருந்தது. மூடியின் ரப்பர் வளையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு நாவலின் அட்டை மூலை மாட்டிக்கொண்டிருந்தது, நகக்கண் அளவுதான். எடுத்து உள்ளே தள்ளி, புது ஜெல் போட்டு மூடினேன்.